வெளிப்படையானது

தல்லினிலிருந்து மூன்று மணி நேர ரயில்.
நர்வா. அதைத் தாண்டினால் ஆறு,
ஆற்றைத் தாண்டினால் வேறு நாடு.
என் பையில் காலிப் படிவங்கள்.
பிறர் கண்டுபிடித்ததற்குச் சொல் கண்டுபிடிப்பது என் பிழைப்பு.
காப்புரிமை விண்ணப்பம், பக்கத்துக்கு இத்தனை யூரோ.

இங்கே கல்லை எரித்து விளக்கேற்றுகிறார்கள்.
பழுப்புக் கல்; தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொள்ளும்.
என்றாலும் கல்லின் புத்தி போகுமா,
எரித்ததில் பாதி சாம்பலாகத் திரும்பி வந்து
ஊருக்கு வெளியே மலையாய் உட்கார்ந்திருக்கிறது.

ஸினைதா குப்ரியானவ்னா. நான்காம் அலகு, இரவுப் பணி.
கைகுலுக்கிய கையோடு கேட்டாள்:
"வெளியில் துணி காயப்போடுவீர்களா?"

பிறகு காட்டினாள்.
புகைபோக்கிக்கு முன்னால் ஓர் இரும்பறை,
உள்ளே மூன்று மாடி உயரத் தகடுகள்.
மின்சாரம் ஏறியதும் புகையின் தூசியெல்லாம்
கம்பளியில் நாய்முடி போல
தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
அத்தனை சுத்தியலும் ஒன்றாக விழும்.
டமார்.
சாம்பல் கீழே கொட்டும்.
கொட்டாத கொஞ்சம் மேலே போகும்,
சாம்பல் நிறத்தில் ஓர் இருமல்.

மேற்குக் காற்று வீசினால் அந்த இருமல்
ஐந்தாம் மாடியில் அவள் கொடியில்,
தலையணை உறையில்.
4.12க்கு ஒரு புள்ளிக்கூட்டம். 4.24க்கு இன்னொன்று.
பதினோரு மாதம் நாட்காட்டியின் முதுகில் எழுதி வைத்திருந்தாள்
வாங்கிய உருளைக்கிழங்கின் விலைக்குப் பக்கத்தில்.

"மெல்லிசாய்ப் படிந்ததைத் தட்டினால் தூளாய்ப் பறக்கும்.
தடிக்க விட்டுத் தட்டினால்
அடை அடையாய் விழும். அவ்வளவுதான்."

அவள் கடிகாரத்தைக் கழற்றிவிட்டாள்.
எந்தத் தகடு கனத்ததோ அதற்கு மட்டும் ஓர் அடி,
கடைசி வரிசைக்குக் கடைசியில்.
இருமல் நின்றது.
விசிறிகளுக்கும் மூச்சுத்திணறல் குறைந்து
நாளொன்றுக்கு இரண்டு வண்டிக் கல் மிச்சமாம்.

படிவம் கேட்டது: இதில் புதியது எது?
யோசித்தாள். "காத்திருப்பது."
நான் எழுதினேன்:
*படிவின் கனத்தைப் பொறுத்துத் தட்டல்களுக்கிடையேயான
கால அளவை மாற்றி நிர்ணயிக்கும் ஒரு முறை.*
ருஷ்ய மொழியில் வாசித்துக் காட்டினேன்.
"அவ்வளவு நீளமாகவா காத்திருந்தேன்?"

பத்தொன்பது மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
நிராகரிப்பு.
*இத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு இது வெளிப்படையானது.*

தொலைபேசியில் சொல்ல மனமில்லை; மறுபடி ரயில்.
பிப்ரவரி. கொடியில் படுக்கை விரிப்பு
பலகையாய் விறைத்து நின்றது,
பனிக்கு எதிரே பனி நிறத்தில்.

கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.
"முப்பது வருடம் இங்கே நானூறு பேர்.
எல்லாரும் தேர்ந்தவர்கள்.
ஒருத்தருக்கும் வெளிப்படவில்லையே" என்று
வாய்விட்டுச் சிரித்தாள்.

கேட்டிருக்க வேண்டாம், கேட்டேன்:
கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே, அந்த வாயு?
சிரிப்பு அடங்கியது.
ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கி
ஒன்றுமே செய்யாததுபோல் நின்றிருந்தது.
"அது எந்தத் துணியிலும் படியாது.
எங்கே நின்று பார்ப்பேன், எதைத் தட்டுவேன்?
துணி வெளுத்ததிலிருந்து
யாரும் அண்ணாந்து பார்ப்பதுமில்லை."

தேநீர் ஊற்றினாள். கடிதத்தின் அடியில்
சின்ன எழுத்தில் இருந்ததை விரலால் தொட்டாள்:
இதே யோசனையை முன்பே சொன்ன
ஒரு பழைய ஜெர்மன் ஆவணம், எண், வருடம் 1961.

"யார் அது?"

கணினியில் தேடினேன்.
கம்பெனி பெயர் மட்டும் இருந்தது.

"அவர்கள் வீட்டிலும் கொடி கட்டியிருப்பார்கள்" என்றாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.
ஆலையைக் கடக்கும்போது ஒரு சுத்தியல் விழுந்தது.
அடுத்ததற்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன்,
ஊர் முடிந்து
பைன் மரங்கள் வந்த பிறகும்.